உருகாத பனிக்கட்டி

பனிக்கட்டி என்ற அளவில் நம் மனத்தில் எழுவது நீரேயாகும். சமவெளித் தமிழகத்தார் தாமாக உறைந்த நீரைக் கண்டது ஆலங்கட்டி மழையில் மட்டுமே. சங்கப் புலவர் அதனை ஆலி என்றனர். பனி என்பதோ அவர்க்கும் நமக்கும் மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளிதான். ஆகவே பனிக்கட்டி என்பதே பிற்காலத்தார் தம் தேவைக்குப் புனைந்துகொண்ட சொல். அதன் முன்னே ‘உலர்’ என்னும் அடையையும் சேர்த்து உலர் பனிக்கட்டி என்று வழங்குங்கால், ஈரமில்லாத நீர் என்பது போன்றதொரு முரண் தோன்றுகின்றது. முரண் சொல்லளவில்தான். இப்பொருளில் நீர் ஒரு துளியும் இல்லை. நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவிடுகின்ற கரியமிலவாயுவே கடுங்குளிரால் இறுகி, சுண்ணாம்புக் கட்டி போன்று வெண்மையாய் நிற்கின்றது. பள்ளிப் புத்தகங்கள் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று கூறுவது இவ்வாயுவையே.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இரசாயனப் பொருளொன்றில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஆராய்ச்சிக்கூடத்தின் சுவர்களுக்குள் அடங்கிக் கிடந்த காலத்தில் அவ்வினா பொருந்தும். இன்றோ அது மருந்துப் பெட்டியிலும், ஐஸ்கிரீம் வண்டியிலும், நாடக மேடையிலும், கல்யாண மண்டபத்திலும் புகுந்துவிட்டது. மணமக்கள் நடந்து வரும் பாதையில் முழங்காலளவு வெண்மேகம் தவழ்வதையும், சிறு குழந்தைகள் அம்மேகத்தினுள் குனிந்து விளையாடுவதையும் சென்ற ஆண்டு ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் கண்டேன். பெரியோர் அனைவரும் கண்டு மகிழ்ந்தனரேயன்றி, அம்மேகம் யாது, அஃது எங்கே செல்கின்றது என்று கேட்டார் எவருமிலர். இக்கட்டுரை அவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடுவதாம்.

முதலில் இப்பொருளின் தலையாய இயல்பை நோக்குவோம். நீர்க்கட்டி உருகி நீராகும். நீர் கொதித்து ஆவியாகும். உலர் பனிக்கட்டியோ இடைப்பட்ட நிலையைத் தாண்டிக் கட்டியிலிருந்து நேரே வாயுவாகிவிடுகின்றது. இவ்வியல்பு நமக்குப் புதியதன்று. பூசைக்கு வாங்கிய கர்ப்பூரம் மூடி தளர்ந்த டப்பியில் நாளுக்கு நாள் சிறுத்துப்போவதை யாவரும் அறிவோம். அதனைத் தடுக்குமென நம்பி நம் பாட்டிமார் நான்கு மிளகையும் உடனிட்டு வைப்பர். துணிப்பெட்டியில் இட்ட அந்துருண்டையும் இவ்வாறே தேய்ந்து ஒழிகின்றது. சித்த மருத்துவர் சரக்குகளைச் சூடேற்றி, மேலெழும் ஆவியை மேற்சட்டியில் படியவைத்து எடுக்கும் மருந்து வகையைப் பதங்கம் என்பர். அச்சொல்லையே இக்காலப் பாடநூலார் எடுத்துக்கொண்டு இந்நிகழ்ச்சியைப் பதங்கமாதல் என்று வழங்குகின்றனர். பிற கலைச்சொற்கள் பல வடமொழியினின்றோ ஆங்கிலத்தினின்றோ இரவல் வாங்கப்பட்டிருக்க, இஃதொன்று நம் வைத்தியர் அடுக்களையிலிருந்தே கிடைத்தது தமிழ் மாணவனுக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

இது திரவமாகாமல் நிற்பதற்குக் காரணம் நம் வாயுமண்டலத்தின் அமுக்கமே. கரியமிலவாயு திரவமாய் இருக்கவேண்டுமாயின், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் அதன் மீது இருத்தல் வேண்டும். அவ்வமுக்கம் இல்லாத திறந்த வெளியில், பூஜ்யத்திற்குக் கீழ் 78.5 பாகை சென்டிகிரேடில் அது கட்டியாகவே இருந்து, அந்நிலையிலேயே வாயுவாய்க் கழிகின்றது. திண்ணிய கண்ணாடிக் குழாயினுள் ஒரு துண்டை இட்டு இறுக மூடினால், உள்ளே அமுக்கம் ஏற ஏற, அது நீர்க்கட்டியைப் போலவே உருகித் திரவமாவதைக் காணலாம். இது பழகியவர் தக்க காப்புடன் செய்யத்தக்க சோதனை. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் தொங்கும் தீயணைக்கும் கருவிகளுள் ஒருவகையில் இத்திரவமே அடைக்கப்பட்டுள்ளது. அதன் வாயைத் திறந்த கணமே வெண்பொடி சீறிப் பாய்வதைப் பார்த்தவர்கள் உலர் பனியின் பிறப்பையே பார்த்தவர்களாவர்.

இனி இதன் வரலாறு. கரியமிலவாயுவை ஒரு தனிப் பொருளாக முதன்முதல் ஆராய்ந்து விளக்கியவர் ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக். காலம் 1750-களின் நடுப்பகுதி. 1767-ல் லீட்ஸ் நகரத்து ஜோசப் பிரீஸ்ட்லி, தம் வீட்டருகே இருந்த மதுச்சாலையின் புளிக்கும் தொட்டிகளின்மீது தங்கி நின்ற இவ்வாயுவை நீரிற் கலந்து, இன்று நாம் சோடா என்று பருகும் பானத்திற்கு வழி கண்டார். அரை நூற்றாண்டு கழிந்து 1823-ல் மைக்கேல் பாரடே தம் ஆசிரியர் டேவியின் தூண்டுதலால் இவ்வாயுவைத் திரவமாக்கினார். எனினும் அதனைக் கட்டியாகக் கண்டவர் பிரெஞ்சுக்காரராகிய திலோரியே. அவர் வார்ப்பிரும்பாலான வலிய கலமொன்றைச் செய்து, அதனுள் சோடா உப்பையும் கந்தகத் திராவகத்தையும் கலந்து, எழும் வாயு தன் அமுக்கத்தாலேயே திரவமாகும்படி அடைத்து வைத்தார். பின்னர்க் கலத்தின் வாயைச் சிறிது திறந்தபோது திரவம் பீறிட்டெழுந்தது. எதிரே பஞ்சு போன்ற வெண்பொடி குவிந்தது. 1835-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திற்கு இச்செய்தியை அவர் அறிவித்தார்.

அப்பொடி பிறக்கும் விதத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். வெளியிலிருந்து எவரும் அதனைக் குளிர்விக்கவில்லை. அமுக்கத்தினின்று விடுபட்ட திரவத்தில் ஒரு பகுதி வாயுவாக மாறுகின்றது. மாறுவதற்கு வேண்டிய உஷ்ணத்தை எஞ்சிய பகுதியிடமிருந்தே பறித்துக்கொள்கின்றது. பறிகொடுத்த பகுதி உறைந்துபோகின்றது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும், மண்பானை நீர் தண்ணென்று இருப்பதும் இவ்விதியினாலேயே. பானையில் மெல்லச் சில பாகை குறைவது, இங்கே கண்ணிமைப் பொழுதில் எண்பது நூறு பாகை குறைந்துவிடுகின்றது.

திலோரியே கண்ட வழி உயிருக்கு இறுதி தரவல்லது என்பதும் விரைவில் தெரியவந்தது. 1840-ல் பாரிஸ் மருந்தியற் கல்லூரியில் எர்வி என்னும் இளம் உதவியாளர் அத்தகைய கலமொன்றைக் கையாளும்போது, அது வெடித்துச் சிதறி அவர் உயிரைக் கொண்டது. அடைபட்ட கரியமிலவாயு எத்தகைய வலிமை உடையது என்பதற்கு அதுவே பழைய சான்று. புதிய சான்றுகளைப் பின்னர்க் கூறுவேன்.

இதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இப்பொருள் பேராசிரியர்கள் மாணவர்க்குக் காட்டும் வேடிக்கையாகவே நின்றது. அதனை வாணிகப் பொருளாக்கியவர் அமெரிக்கர். தாமஸ் ஸ்லேட் என்பவர் 1924-ல் உரிமைப் பட்டயம் வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டில் நியூயார்க்கைச் சார்ந்த ஒரு கம்பெனி ‘ட்ரை ஐஸ்’ என்னும் பெயரை வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொண்டு விற்கலாயிற்று. அப்பெயரே உலகெங்கும் பரவிப் பொதுப்பெயராகிவிட்டது. நாம் சொல்லும் உலர் பனிக்கட்டி அதன் நேர் மொழிபெயர்ப்பே.

வியாபாரிகள் இதனை விரும்பி ஏற்றதன் காரணம் தெளிவானது. பழங்காலத்தில் குளிரைத் தூரதேசத்திற்குக் கொண்டுசெல்ல நீர்க்கட்டியன்றி வேறு வழியில்லை. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், 1840-களில் அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கென்று எழுப்பப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் அப்பகுதிக்கு இன்றும் நிலைத்துள்ளது. அக்கப்பல்களில் ஏற்றிய சரக்கில் ஒரு பெரும்பகுதி வழியிலேயே நீராய்க் கரைந்துபோகும். பின்னர் இரயில்வண்டிகளில் ஐஸ்கிரீமை அனுப்புவோர் நீர்க்கட்டியோடு உப்பைக் கலந்து அடைத்தனர். உப்புநீர் ஒழுகி வண்டியையும் அயலிலுள்ள சரக்கையும் கெடுத்தது. உலர் பனிக்கட்டியில் இத்தொல்லை இல்லை. ஒழுகுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அன்றியும் ஒரு கிலோ நீர்க்கட்டி உருகுங்கால் 80 கிலோகலோரி உஷ்ணத்தையே உறிஞ்சும். ஒரு கிலோ உலர் பனிக்கட்டியோ வாயுவாகுங்கால் ஏறத்தாழ 137 கிலோகலோரியை உறிஞ்சும். அதன் எடையோ நீரைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். நீரில் இட்டால் மிதவாது அமிழ்ந்துவிடும். ஆகவே சிறிய இடத்தில் மிகுந்த குளிரை அடக்கலாம். மிச்சமாக நிற்பது வெற்றுப் பெட்டியே.

இக்காலத்தில் இதனைச் செய்யும் முறை திலோரியே காட்டியதன் விரிவுதான். வாயுவை அமுக்கிக் குளிர்வித்து, பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 20 பாகையில் திரவமாக்கித் தொட்டிகளில் சேமிக்கின்றனர். அதனைச் சிறு துளை வழியே பீறிடச் செய்தால் பாதிக்கும் குறைவான பகுதி பொடியாகும். எஞ்சியது வாயுவாகித் திரும்பவும் யந்திரத்திற்குப் பிடித்துச் செல்லப்படும். பொடியை நீரியல் அமுக்கியால் அழுத்திச் செங்கல் போன்ற கட்டிகளாகவோ, துளைத் தட்டின் வழியே தள்ளி நெல்மணி முதல் சுண்டுவிரல் வரையுள்ள பருமனில் சிறு துண்டுகளாகவோ ஆக்குகின்றனர். இடியாப்பம் பிழிவதைப் பார்த்தவர்க்கு இப்பின்னைய முறையை விளக்க வேண்டுவதின்று.

இத்தொழிலுக்கு வேண்டிய வாயு எங்கிருந்து கிடைக்கின்றது? காற்றிலிருந்தன்று, காற்றில் அது பதினாயிரத்தில் நான்கு பங்கே உள்ளது. உரத்திற்கு வேண்டிய அம்மோனியாவைச் செய்யும் தொழிற்சாலைகளிலும், சாராயம் வடிக்கும் ஆலைகளிலும் வேண்டாப் பொருளாய் வெளிப்படும் வாயுவையே பெரும்பாலும் தூய்மை செய்து பயன்படுத்துகின்றனர். பிறர் வீட்டுக் கழிவே இவர்க்கு முதல். இதனால் எதிர்பாராத விளைவும் உண்டு. 2021 செப்டம்பரில் இங்கிலாந்தில் எரிவாயு விலை ஏறி உரத் தொழிற்சாலைகள் நின்றபோது, கரியமிலவாயுப் பஞ்சம் ஏற்பட்டு, இறைச்சி வாணிகரும் பானம் செய்வோரும் தவித்தனர். உரத்திற்கும் சோடாவிற்கும் உள்ள உறவை அந்நாட்டார் அன்றுதான் அறிந்தனர் போலும்.

பயன்களைக் கூறப் புகின் இடம் போதாது. ஐஸ்கிரீமும், கடல் மீனும், இறைச்சியும் கொண்டுசெல்லுதல் யாவரும் அறிந்ததே. மருத்துவத் துறையில் குருதி மாதிரிகளும், நோய்க்கிருமிகளின் மாதிரிகளும் ஊர்விட்டு ஊர் செல்வது இதன் துணையால்தான். இத்துறையில் இதன் புகழ் உச்சம் எய்தியது 2020-ன் இறுதியில். கொரோனா நோய்க்கு எதிராக பைசர் கம்பெனியும் பயோஎன்டெக் கம்பெனியும் சேர்ந்து ஆக்கிய தடுப்பு மருந்து, தொடக்கத்தில் பூஜ்யத்திற்குக் கீழ் 60 முதல் 80 பாகைக்குள் வைக்கப்பட வேண்டியிருந்தது. அத்துணைக் குளிர் தரும் யந்திரப் பெட்டி சிற்றூர் மருத்துவமனைகளில் ஏது? உலர் பனிக்கட்டியின் இயற்கையான உஷ்ணநிலையோ அவ்வெல்லைக்குள் சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. மின்சாரம் வேண்டாத பெட்டிகளில் மருந்துக் குப்பிகளை வைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் இருபது கிலோவுக்கு மேற்பட்ட உலர் பனிக்கட்டியை நிரப்பி, விமானத்திலும் லாரியிலும் அனுப்பினர்; சேர்ந்த இடத்தில் ஐந்து நாட்களுக்கொருமுறை புதிய கட்டிகளை இட்டுக் காத்தனர். 1835-ல் பாரிஸில் குவிந்த அந்த ஒருபிடி வெண்பொடிக்கு இத்தகைய பணி காத்திருந்தது என்பதைத் திலோரியே கனவிலும் எண்ணியிரார். நம் நாட்டில் பெரிதும் பயன்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் 2 முதல் 8 பாகை குளிரிலேயே கெடாமல் நிற்பவை. ஆதலின் இங்கு இத்தேவை எழவில்லை.

தொழிற்சாலைகளில் இதன் வேலை வேறுவிதமானது. இரும்புத் துளையினுள் இறுக்கமாய்ப் பொருந்த வேண்டிய அச்சையோ உருளைச் சட்டத்தையோ இக்கட்டிகளுக்கிடையே சற்று நேரம் வைத்தால் அது சுருங்கும். துளையில் நுழைத்துவிட்டால் மீண்டும் விரிந்து அசையாமல் பற்றிக்கொள்ளும். நம் ஊர்ப்புறத்துக் கொல்லர் வண்டிச் சக்கரத்தின் பட்டையைக் காய்ச்சி விரித்து மாட்டுவாரன்றோ? இது அதன் மறுதலை. நெல்மணியளவான துண்டுகளை அழுத்தமான காற்றோடு வீசி அச்சு யந்திரங்களையும், அடுமனைத் தட்டுகளையும், மின்சாரக் கருவிகளையும் துப்புரவு செய்வதும் உண்டு. மணலை வீசினால் மணல் மிஞ்சும். நீரை வீசினால் ஈரம் மிஞ்சும். இதிலோ உதிர்ந்த அழுக்கு மட்டும் மிஞ்சும்.

கொசு ஆராய்வோர் கையாளும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண் கொசு நம்மைத் தேடி வருவது பெரும்பாலும் நம் மூச்சிலுள்ள கரியமிலவாயுவின் வழியே. ஆகவே பொறியின் அருகே உலர் பனிக்கட்டியுள்ள சிறு பாத்திரமொன்றைத் தொங்கவிட்டால், அங்கே ஓர் உயிர் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதாக எண்ணிக் கொசுக்கள் கூட்டமாய் வந்து அகப்படுகின்றன. எவர் உடலையும் கடிக்கக் கொடாமல் அவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

மேகத்தினின்று மழையை வருவிக்கும் முயற்சியும் இதனோடு தொடங்கியதே. 1946 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் வின்சென்ட் ஷேபர், குளிர்ப்பெட்டியொன்றில் தம் மூச்சை ஊதிச் சிறு மேகம் உண்டாக்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். வெயில் மிகுந்த நாளாகையால் பெட்டி போதிய குளிரடையவில்லை. விரைவில் குளிரட்டும் என்று உலர் பனிக்கட்டியை உள்ளே வைத்தார். வைத்த அளவில் பெட்டியிலிருந்த மேகம் முழுவதும் மின்னுகின்ற பனித்துகள்களாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாகாணத்து மலையொன்றின் அருகே விமானத்தில் பறந்து, சில இராத்தல் உலர் பனிக்கட்டியை மேகத்தின்மீது தூவினார். மேகத்தின் அடியினின்று பனி பொழிந்தது. ஆனால் நிலத்தைத் தொடுமுன் காற்றிலேயே உலர்ந்துபோயிற்று. பத்திரிகைகள் அன்று எழுப்பிய ஆரவாரம் இன்று அடங்கிவிட்டது. கருவுற்ற மேகத்தைச் சிறிது தூண்டலாமேயன்றி, வெறும் வானத்தில் எதனைத் தூவினும் மழை பெய்யாது.

நம் பூமியில் செயற்கையாகவே கிடைக்கும் இப்பொருள், செவ்வாய்க் கிரகத்தில் தானே விளைகின்றது. அக்கிரகத்தின் வாயுமண்டலம் பெரும்பாலும் கரியமிலவாயுவே. ஆண்டுதோறும் குளிர்காலம் வந்த துருவத்தில் அவ்வாயுமண்டலத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு உறைந்து நிலத்தில் படிந்து, வெயில் திரும்பியபின் மீண்டும் மேலெழுகின்றது. இங்கே ஒரு பெட்டிக்குள் நிகழ்வது அங்கே ஓர் உலகமே மூச்சு வாங்குவதுபோல் நிகழ்கின்றது.

இனி முன்னே விட்ட வினாவிற்கு வருவோம். கல்யாண மண்டபத்தில் தவழும் அவ்வெண்மேகம் யாது? பலரும் அதனையே கரியமிலவாயு என்று எண்ணுகின்றனர். அன்று. கரியமிலவாயு காற்றைப்போலவே கண்ணுக்குப் புலனாகாதது. வெந்நீரில் உலர் பனிக்கட்டியை இட்டால், குமிழியிட்டெழும் குளிர்ந்த வாயு நீராவியை நுண்துளிகளாக உறையச் செய்கின்றது. நாம் காண்பது அந்நீர்த்துளிகளின் மூடுபனியே. சிறிது நேரத்தில் அத்துளிகள் காற்றில் கரைந்து மேகம் மறையும். வாயு மறைவதில்லை. காற்றினும் ஒன்றரை மடங்கு எடை மிக்கதாகையால், அது தாழ்ந்த இடத்தை நாடித் தரையோடு தரையாய்த் தங்கி நிற்கின்றது. குனிந்து விளையாடும் குழந்தையின் மூக்கும், பாயில் உறங்குவோர் தலையும், கட்டிலின் அடியில் படுத்த நாயும் இருக்கும் உயரம் அதுவே. கண் ஆபத்து நீங்கிற்று என்று சொல்லும் வேளையில்தான் ஆபத்து முழுமையாய் நிற்கின்றது.

கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. ஒரு கிலோ உலர் பனிக்கட்டி முற்றும் வாயுவானால் ஏறத்தாழ 540 லிட்டர் ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மும்மூன்று மீட்டராக உள்ள ஓர் அறையின் கொள்ளளவு 27,000 லிட்டர். கதவும் சன்னலும் அடைத்த அவ்வறையில் இரண்டு கிலோ கழிந்தாலே நூற்றுக்கு நான்கு பங்கு கரியமிலவாயு நிறைந்துவிடும். வேலை செய்யும் இடங்களில் நாள் முழுதும் சுவாசிக்க ஏற்றதாக வகுத்த எல்லை நூற்றுக்கு அரைப் பங்கே. நான்கு பங்கு என்பது உயிருக்கு உடனடியாக அபாயம் தரும் அளவெனத் தொழில்நலத் துறையார் வகுத்திருக்கின்றனர். பத்துப் பங்கானால் சில நிமிஷங்களில் உணர்வு மறையும். பிராணவாயு குறைவதால் மட்டும் நேரும் கேடன்று இது. கரியமிலவாயு மிகுவதே இரத்தத்தைப் புளிக்கச் செய்து நஞ்சாகின்றது. தலைவலி, மூச்சு விரைதல், நெஞ்சு படபடத்தல் ஆகியன முன்னறிவிப்புகள். அவற்றை உணர்ந்த உடனே வெளியேறினால் பிழைக்கலாம். உறங்குவோர்க்கும் குழந்தைகட்கும் அம்முன்னறிவிப்புப் பயன்படுவதில்லை.

இவை ஏட்டுக் கணக்கல்ல. 2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், ஐஸ்கிரீமுக்கென உலர் பனிக்கட்டிப் பெட்டிகள் வைத்திருந்த மோட்டார் காரில் இரு பெண்மணிகள் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு சென்றனர். முதியவர் இறந்தார், மற்றவர் உணர்விழந்த நிலையில் மீட்கப்பட்டார். 2020 பிப்ரவரியில் மாஸ்கோ நகரில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கட்டடத்தினுள் அமைந்த நீச்சல் குளத்தில் அழகிய மேகம் எழுப்புவான் வேண்டி, இருபது கிலோவுக்கு மேல் உலர் பனிக்கட்டியைக் கொட்டினர். மேகம் எழுந்தது. குளத்தில் குதித்தோருள் மூவர் மாண்டனர். வெதுவெதுப்பான நீர் கட்டியை விரைந்து வாயுவாக்கிற்று. நீர்மட்டத்தின்மீதே அவ்வாயு படர்ந்து நின்றது. நீந்துவோர் வாயும் மூக்கும் இருந்ததோ அம்மட்டத்தில்தான். வேடிக்கைக்கென்று ஒரு பொருளைக் கொண்டுவருவோர் அதன் இயல்பை ஒருமுறையேனும் கேட்டறியாதது பொறுக்கத்தக்கதன்று என்பது என் கருத்து. விமானக் கம்பெனிகள் பயணியொருவர் 2.5 கிலோவுக்கு மேல் உலர் பனிக்கட்டி கொண்டுவர இடங்கொடாததும், அதனையும் வாயு வெளியேறும் பெட்டியில் வைக்குமாறு கட்டளையிடுவதும் இதுபற்றியே.

உண்டால் நேரும் கேடு மற்றொன்று. 2024 மார்ச்சில் டில்லியை அடுத்த குருகிராம் நகரில், உணவு விடுதியொன்றில் உண்டு முடித்தோர்க்கு வாய்மணப் பொருள் என்று உலர் பனிக்கட்டி கொடுக்கப்பட்டது. வாயிலிட்ட ஐவரும் வாய் வெந்து, இரத்தம் கக்கி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கற்கண்டு போல் தோன்றும் பொருளை எவர்தாம் ஐயுறுவர்? அத்துணைக் குளிர் தோலையும் நாவையும் தீயைப்போலவே சுடும். விழுங்கினாலோ வயிற்றினுள் வாயுவாய் விரிந்து குடலைத் தாக்கும். கடைவீதிகளில் புகை கக்கும் பிஸ்கத்து என்று விற்பது இதுவன்று. அது பூஜ்யத்திற்குக் கீழ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் தோய்த்தது. பொருள் வேறாயினும் எச்சரிக்கை ஒன்றே: புகை முற்றும் அடங்காத எதனையும் வாயிலிடலாகாது. பானக் கோப்பையில் மேகம் எழுப்பிக் கொடுப்பாராயின், அடியில் கட்டி கிடக்கும் வரையில் பருகாதிருத்தல் வேண்டும்.

பாட்டிலில் இட்டு மூடி வெடிக்கச் செய்யும் விளையாட்டைப் பற்றியும் நம் மாணவ நண்பர்கட்கு ஒரு வார்த்தை. ஒரு பிடி கட்டி நூறு லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும்; ஒரு லிட்டர் பாட்டில் அதனைத் தாங்காது; எப்பொழுது வெடிக்கும் என்று எவராலும் கணிக்கவும் இயலாது. பாரிஸில் எர்வியின் இரும்புக் கலமே தாங்கவில்லை.

எனினும் தக்க காப்போடு இதனைக் கையாளுவது கடினமன்று. தடித்த துணியுறையோ தோலுறையோ அணிந்து இடுக்கியால் எடுக்கவேண்டும். தெர்மோகோல் பெட்டியே போதும். மூடி இறுகாமல் தளர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு வைத்தால் நாளொன்றுக்கு இரண்டு முதல் ஐந்து கிலோ வரை கழியும் என்று கணக்கிட்டு, தேவைப்படும் நாளிலேயே வாங்குவது நலம். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சேமிக்கலாம் என்பது வீணாசை. அப்பெட்டியின் உறைபகுதியே பூஜ்யத்திற்குக் கீழ் 18 பாகை அளவில்தான் இருக்கும். அஃது உலர் பனிக்கட்டிக்குக் கொதிவெயில் போன்றது. காரில் எடுத்துச் சென்றால் கண்ணாடிகளை இறக்கி வைத்தலும், மேடையில் பயன்படுத்தினால் கதவுகளைத் திறந்து, தரையில் குழந்தைகள் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுதலும் வேண்டும். நிலவறையிலும், மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையிலும் ஒருபோதும் வைக்கலாகாது.

இவ்வளவும் காத்துக்கொண்டு ஆசிரியர் முன்னிலையில் செய்து பார்க்கத்தக்க இனிய சோதனைகளும் உண்டு. அகன்ற கண்ணாடித் தொட்டியின் அடியில் சில துண்டுகளை இட்டுச் சற்றுப் பொறுத்துச் சோப்புக் குமிழிகளை ஊதினால், அவை அடியில் விழாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்பரப்பில் மிதப்பன போல் நடுவே நிற்கும். எரியும் மெழுகுவர்த்தியை அத்தொட்டிக்குள் இறக்கினால் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் பட்டென்று அணையும். தொட்டியைச் சாய்த்து வாயுவை மற்றொரு பாத்திரத்தில் நீரைப்போல் வார்க்கவும் செய்யலாம். உலோகக் கரண்டியைக் கட்டியின்மீது அழுத்தினால் அது கீச்சென்று அலறும். கரண்டியின் சூட்டினால் பொங்கும் வாயு அதனைத் தள்ளித் தள்ளி அதிரச் செய்வதால் எழும் ஒலி அது. சோதனை முடிந்தபின் எஞ்சிய துண்டுகளைக் கைகழுவும் தொட்டியில் கொட்டுவோர் உளர். அக்குளிரால் பீங்கானும் குழாயும் வெடித்துவிடும். கூரையில்லாத முற்றத்தில், ஆள் நடமாட்டமற்ற மூலையில் வைத்துவிடுவதே தக்கது. சில மணி நேரத்தில் துண்டுகள் போய்விடும். அவ்விடத்தில் சிறிது ஈரம் இருக்கக் கண்டால், அது கட்டி உருகியதன்று. அதன்மீது படிந்து உறைந்த காற்றின் ஈரமேயாம்.